உம்மாவின் தையல் மெஷினும் முப்பரிமாண அச்சும்

நோன்புப் பெருநாளுக்கு இருபது நாள் இருக்கையில் எங்கள் வீட்டுத் தையல் மெஷினில் ஒரு துண்டு உடைந்து விழுந்தது. துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தை உயர்த்தி இறக்குவதற்கு மெஷினின் பின்புறத்தில் ஒரு சிறிய கைப்பிடி இருக்குமே, அதுதான். பெருவிரல் அளவு வெள்ளைப் பிளாஸ்டிக். அது இல்லாவிட்டாலும் ஊசி ஓடும், நூல் வரும். ஆனால் ஒவ்வொரு தையல் முடிந்ததும் துணியை வெளியே எடுக்க ஒரு திருப்புளியை உள்ளே விட்டுப் பாதத்தைக் கிளப்ப வேண்டும். உம்மா இரண்டு நாள் அப்படித்தான் தைத்தார். மூன்றாம் நாள் திருப்புளி வழுக்கி, யாரோ தைக்கத் தந்த அபாயாவின் கையைக் கிழித்துவிட்டது.

திருத்தும் கடைக்குக் கொண்டுபோனோம். "இந்தச் சாமான் இப்ப வாறல்ல, புது மெஷின் ஒன்டு எடுங்க" என்றார்கள். அந்தப் பெருநாளுக்குத் தைத்து வரும் காசு முழுவதையும் சேர்த்தாலும் புது மெஷின் எடுக்க முடியாது.

தொழினுட்பக் கல்லூரி ஒன்றில் படிக்கும் எங்கள் மாமாவின் மகன்தான், "எங்கட இடத்தில முப்பரிமாண அச்சுப்பொறி இருக்கு. நீ அளவெடுத்து வரைஞ்சு தா, நான் அடிச்சுத் தாறன்" என்றார். எனக்கு அதுவரை அந்த இயந்திரத்தின் பெயர் மட்டுமே தெரியும். அடுத்த இரண்டு வாரங்களில் நானாவிடம் கேட்டும், தேடி வாசித்தும், பிழைவிட்டும் நான் விளங்கிக்கொண்டவற்றையே இங்கு எழுதுகின்றேன்.

முதலில் இயந்திரம். பெருநாள் இரவில் மருதோன்றி போடும் கோனை நினைத்துக்கொள்ளுங்கள். அமுக்கினால் நுனியால் மெல்லிய கோடு வரும். அந்தக் கோடு காய்ந்ததும் அதன் மேலேயே இன்னொரு கோடு, அதற்கு மேல் இன்னொன்று என்று நூறு தடவை போட்டால் உள்ளங்கையில் ஒரு சிறு மதிலே எழும்பிவிடும். முப்பரிமாண அச்சுப்பொறி செய்வது அவ்வளவுதான். மருதோன்றிக்குப் பதிலாக, நூற்கட்டையில் சுற்றியதுபோல் வரும் 1.75 மில்லிமீற்றர் தடிப்புள்ள பிளாஸ்டிக் இழை. கோனின் நுனிக்குப் பதிலாக, நொசில் எனப்படும் சூடான உலோக மூக்கு. அதன் துளை வழமையாக 0.4 மில்லிமீற்றர். பி.எல்.ஏ. என்ற பிளாஸ்டிக் என்றால் ஏறக்குறைய 200 பாகை செல்சியஸில் உருகி வெளியே வரும், வந்தவுடனேயே ஆறி இறுகும். மூக்கு இடம் வலமாகவும் முன் பின்னாகவும் நகர்ந்து ஒரு படையை வரைந்து முடித்ததும் 0.2 மில்லிமீற்றர் மேலே உயர்ந்து அடுத்த படையைத் தொடங்கும். இரண்டு சென்ரிமீற்றர் உயரமான பொருளுக்கு நூறு படைகள். பக்கத்தில் நின்று பார்த்தால் இடியப்பம் பிழிவதைவிடச் சுவாரசியம் குறைவு. முதல் ஐந்து நிமிடத்துக்குப் பின் எனக்குக் கொட்டாவி வந்தது.

படையாகப் பிரித்து மீண்டும் அடுக்குவது என்ற எண்ணம் நமக்குப் புதிதல்ல. புவியியல் பாடத்தில் இடவிளக்கப்படத்திலுள்ள சமவுயரக் கோடுகளைப் பார்த்து மலையின் வடிவத்தை அறிகின்றோம் அல்லவா? ஒவ்வொரு சமவுயரக் கோட்டின் வடிவத்திலும் ஒரு மட்டை வெட்டி, ஒன்றின் மேல் ஒன்றாக அடுக்கினால் மலையே வந்துவிடும். 1892இல் பிளாந்தர் என்பவர் அமெரிக்காவில் ஏறக்குறைய இதற்கே ஆக்கவுரிமை, அதாவது பேட்டன்ட், பெற்றார். மெழுகுத் தகடுகளைச் சமவுயரக் கோடுகளின் வழியே வெட்டி அடுக்கி நிலவுருவப் படங்கள் செய்வது அவரது முறை. கணினி இல்லாத காலம். வெட்டியது கை.

இனி, எனக்குக் கடினமாயிருந்த பகுதி. இயந்திரம் தானாக எதையும் யோசிக்காது. செய்ய வேண்டிய பொருளை யாராவது முதலில் கணினிக்குள் செய்து கொடுக்க வேண்டும். இதனை மாதிரியுருவாக்கம் என்பர். நான் பயன்படுத்தியது டிங்கர்கேட். இணைய உலாவியில் இலவசமாக இயங்குவது. அதில் வரைவது என்பதைவிடக் கூட்டிக் கழிப்பது என்பதே சரி. கனவுரு, உருளை, கோளம், கூம்பு எல்லாம் அங்கே தயாராக இருக்கும். ஒரு கனவுருவோடு ஓர் உருளையைச் சேர்த்தால் கைப்பிடியின் உடல். அதிலிருந்து ஒரு சிறிய உருளையைக் கழித்தால் ஆணி போகும் துளை. பத்தாம் வகுப்பில் திண்மங்களின் கனவளவு படிக்கும்போது கூட்டுத் திண்மங்கள் வரும், "இது வாழ்க்கையில் எங்கே உதவப் போகின்றது?" என்று அன்று கேட்டவர்களில் நானும் ஒருத்தி.

கூட்டிக் கழிப்பதற்கு முன் அளவு வேண்டும். உடைந்த துண்டுகளைப் பசையால் ஒட்டி, பாடசாலை ஆய்வுகூடத்திலிருந்து ஆசிரியையின் அனுமதியோடு வேணியர் இடுக்கி ஒன்றை இரவல் எடுத்தேன். நீளம், தடிப்பு, துளையின் விட்டம், துளையின் மையத்திலிருந்து ஓரத்துக்குள்ள தூரம், வளைவின் ஆரை என்று கொப்பியில் பதினேழு அளவுகள் எழுதினேன். அடிமட்டத்தால் அளந்தால் போதாதா என்று தங்கை கேட்டாள். போதாது. அரை மில்லிமீற்றர் பிழைத்தாலும் ஆணி ஏறாது, அல்லது ஏறி ஆடும்.

இந்த இடத்தில் அல் ஜஸரியைப் பற்றி ஒரு வார்த்தை. யானைக் கடிகாரத்துக்காகவே அவரைப் பலர் நினைவுகூருவர். இன்றைய துருக்கியிலுள்ள தியார்பகிரில் 1206இல் அவர் முடித்த நூலில் ஐம்பது பொறிகள் விளக்கப்பட்டுள்ளன. எனக்கு அதில் பெரிதாய்ப் படுவது பொறிகளின் புதுமை மட்டுமல்ல. இன்னொரு கைவினைஞர் பார்த்துச் செய்யக்கூடியவாறு பாகங்களையும் அளவுகளையும் படங்களோடு எழுதிவைத்த அக்கறை. வரைபடம் என்பது அழகுக்கல்ல, இன்னொருவர் கையில் பொருளாக மாறுவதற்கு என்று அவர் கருதியிருக்கின்றார். எண்ணூறு வருடங்களுக்குப் பிறகு நான் நானாவுக்கு அனுப்பிய கோப்பும் அதே வேலைக்குத்தான்.

கணினித் திரையில் வடிவம் வரைவது 1963இல் ஐவன் சதர்லண்ட் எம்.ஐ.டி.யில் உருவாக்கிய ஸ்கெட்ச்பேட் என்ற நிரலோடு வேகம் பெற்றது. ஆனால் இத்துறையில் மிகப் புகழ்பெற்ற பொருள் ஒரு தேநீர்ப் பாத்திரம் என்றால் நம்புவீர்களா? 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்துகொண்டிருந்த மார்ட்டின் நியூவெல், கணினியில் காட்டுவதற்கு ஒரு நல்ல வடிவத்தைத் தேடிக்கொண்டிருந்தார். அவரது மனைவி சான்ட்ராதான், தாங்கள் தேநீர் குடித்துக்கொண்டிருந்த பாத்திரங்களையே வரையும்படி சொன்னார். நியூவெல் அதை வரைபுத்தாளில் வரைந்து, புள்ளிகளின் ஆள்கூறுகளை எடுத்துக் கணினிக்குக் கொடுத்தார். வளைந்த உடல், கைப்பிடி, மூடி, உள்வளைந்த மூக்கு எல்லாம் ஒன்றிலேயே இருந்ததால் உலகெங்கும் ஆய்வாளர்கள் அந்த எண்களைப் பிரதியெடுத்துத் தங்கள் நிரல்களைச் சோதித்தார்கள். அசல் பாத்திரம் இன்று கலிபோர்னியாவில் உள்ள கணினி வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கின்றது.

அந்தக் கணினித் தேநீர்ப் பாத்திரத்துக்கு முதலில் அடிப்பாகம் இருக்கவில்லை! திரையில் பார்ப்பதற்கு அடி எதற்கு? பிற்பாடுதான் யாரோ அடியைச் சேர்த்தார்கள். படமாகப் பார்க்கும் பொருளுக்கும் கையில் எடுக்கும் பொருளுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். அச்சிட வேண்டிய மாதிரி எங்கும் ஓட்டையின்றி மூடியிருக்க வேண்டும். மேற்பரப்பில் ஒரு சிறு இடைவெளி இருந்தாலும் எது உள், எது வெளி என்று நிரலால் தீர்மானிக்க முடியாது. என் முதலாவது கோப்பு அப்படித்தான் திரும்பி வந்தது. இரண்டு உருக்களைத் தொட்டும் தொடாமலும் வைத்திருந்தேன். கண்ணுக்கு ஒன்றாகத் தெரிந்தது, கணக்குக்கு இரண்டாக இருந்தது.

வரைந்து முடித்த பொருளை எஸ்.டி.எல். என்ற வகைக் கோப்பாகச் சேமிப்பது வழக்கம். அதற்குள் இருப்பவை முக்கோணிகள் மட்டுமே. எவ்வளவு உருண்டையான பந்தாயினும் சிறுசிறு முக்கோணிகளால் போர்த்தி, ஒவ்வொன்றின் மூன்று உச்சிகளினது ஆள்கூறுகளையும் அது எந்தப் பக்கம் பார்க்கின்றது என்பதையும் எழுதிவைக்கும். ஆகவே கோப்புக்குள் உண்மையான வட்டம் எதுவுமில்லை. பல பக்கங்கள் கொண்ட பல்கோணிதான் இருக்கின்றது. அடுத்து ஸ்லைசர் என்ற மென்பொருள் அதனைக் கிடையாக வெட்டி, ஒவ்வொரு படையிலும் மூக்கு எங்கே தொடங்கி எங்கே போக வேண்டும் என்ற கட்டளைகளை வரிவரியாக எழுதும். பொருளின் உள்ளே முழுவதும் நிரப்பத் தேவையில்லை என்றால் தேன்கூடுபோல் கண்ணறைகள் விட்டு நிரப்பலாம். அலங்காரப் பொருளுக்கு ஐந்தில் ஒரு பங்கு நிரப்பினாலே தாராளம். காற்றில் தொங்கும் பகுதிகள் இருந்தால் கீழே தாங்கிகள் போட்டு, பின்னர் உடைத்தெடுக்க வேண்டும். வெறும் காற்றின் மேல் கோடு போட மருதோன்றிக் கோனாலும் முடியாதுதானே.

என் முதல் கைப்பிடி நாற்பது நிமிடத்தில் அச்சாகியது. செம்மஞ்சள் நிறம், அன்று இயந்திரத்தில் இருந்த இழை அதுதான். வீட்டுக்குக் கொண்டுவந்து பார்த்தால் ஆணி ஏறவில்லை. ஆணியின் விட்டம் 5 மில்லிமீற்றர், நான் வரைந்த துளையும் சரியாக 5 மில்லிமீற்றர். அச்சிடும்போது துளைகள் சற்றுச் சிறுத்துவிடும். உருகிய பிளாஸ்டிக் ஆறும்போது உள்நோக்கிச் சுருங்குவது ஒரு காரணம். வட்டம் பல்கோணியாக மாறும்போது அதன் பக்கங்கள் வட்டத்துக்கு உள்ளே விழுவது இன்னொன்று. நாண் வட்டத்துக்குள்தானே இருக்கும். துளையை 5.3 ஆக்கி இரண்டாவது கைப்பிடி. ஆணி ஏறியது. உம்மா சிரித்தார். அடுத்த நாள் ளுஹருக்கு முன் அது டக்கென்று முறிந்தது.

முறிந்த இடத்தைப் பார்த்தபோதுதான் விசயம் புரிந்தது. கத்தியால் வெட்டியதுபோல் ஒரு படைக்கும் அடுத்த படைக்கும் நடுவே பிரிந்திருந்தது. மரத்தை நார் வழியே பிளப்பது இலகு, குறுக்கே வெட்டுவது கடினம். அச்சிட்ட பொருளும் அப்படித்தான். படைக்குள் கோடு தொடர்ச்சியானது, பலமானது. படைக்கும் படைக்கும் இடையே உள்ள பிடிப்பு குறைவு. நான் கைப்பிடியை நிமிர்த்தி நிற்கவைத்து வரைந்திருந்தேன், நானா அப்படியே அச்சிட்டார். பாதத்தை உயர்த்தும்போது விழும் விசை முழுவதும் அந்தப் பலவீனமான இடத்திலேயே விழுந்தது. மூன்றாவது தடவை அதே வடிவத்தைப் படுக்கவைத்து, சுவரைத் தடிப்பாக்கி, உள்ளே கண்ணறை விடாமல் நிரப்பி அச்சிட்டோம். துளையும் இம்முறை இன்னும் வட்டமாக வந்தது, ஏனெனில் ஒவ்வொரு படையிலும் அது முழு வட்டமாகவே வரையப்பட்டது.

இவ்வளவு பயனுள்ள கருவி நம் கைக்கு வர ஏன் இத்தனை காலம் எடுத்தது? இதற்கான விடை தொழினுட்பத்தில் பாதி, சட்டத்தில் பாதி. ஜப்பானின் நகோயா நகரத்து ஆய்வு நிலையம் ஒன்றில் பணியாற்றிய ஹிதேயோ கொடாமா, ஒளி பட்டால் இறுகும் திரவப் பிசினைக் கொண்டு படைபடையாகப் பொருள் செய்யும் முறைக்கு 1980இல் ஆக்கவுரிமை கோரி விண்ணப்பித்தார். அடுத்த கட்டத்தை உரிய காலத்துக்குள் நிறைவேற்றாததால் உரிமை கைநழுவியது. 1984 ஜூலையில் பிரான்சில் மூவர் விண்ணப்பித்தனர். வியாபாரப் பயன் இல்லையென்று அதுவும் கைவிடப்பட்டது. மூன்று வாரம் கழித்து, ஓகஸ்ட் 8ஆம் திகதி, அமெரிக்கரான சக் ஹல் விண்ணப்பித்தார். மேசைகளின் மேற்பூச்சைக் கழியூதாக் கதிரால் இறுகவைக்கும் வேலையில் இருந்தவர் அவர். 1983இல் அவர் முதன்முதலாகச் செய்தது கண் கழுவும் ஒரு சின்னஞ்சிறு கிண்ணம். 1986இல் உரிமை கிடைத்தது, கம்பனியும் தொடங்கினார். எஸ்.டி.எல். கோப்பும் அவரது கம்பனியிலிருந்தே வந்தது. கொடாமாவை உலகம் முற்றாக மறந்துவிடவில்லை. 1995இல் ஹல்லோடு சேர்த்து அவருக்கும் ராங்க் பரிசு வழங்கப்பட்டது.

நான் மேலே விபரித்த, இழையை உருக்கும் முறை வேறொருவருடையது. ஸ்கொட் கிரம்ப் என்பவர் 1988 அளவில் தன் சிறு மகளுக்கு ஒரு விளையாட்டுத் தவளை செய்ய, பசைத் துப்பாக்கியில் பொலித்தீனையும் மெழுகையும் கலந்து ஊற்றிப் படைபடையாகக் கட்டினார். கையால் செய்ததை இயந்திரம் செய்தால் என்ன என்று யோசித்தார். அவரும் மனைவி லிசாவும் சேர்ந்து 1989இல் ஸ்ட்ராட்டசிஸ் நிறுவனத்தைத் தொடங்கினர். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் அந்த முறை ஆக்கவுரிமையின் வேலிக்குள் இருந்தது. இயந்திரங்களைப் பெரிய கம்பனிகளால் மட்டுமே வாங்க முடிந்தது.

2005இல் இங்கிலாந்தின் பாத் பல்கலைக்கழகத்தில் ஏட்ரியன் போயர் ஒரு விசித்திரமான திட்டத்தை ஆரம்பித்தார். தன்னுடைய பாகங்களைத் தானே அச்சிடக்கூடிய அச்சுப்பொறி! பெயர் ரெப்ராப். முதல் வடிவத்துக்கு டார்வின் என்று பெயரிட்டார். ஆணி, மோட்டார், மின்சுற்று போன்றவற்றை வெளியில் வாங்கித்தான் ஆக வேண்டும், ஆனால் பிளாஸ்டிக் பாகங்களை அது தானே அச்சிட்டது. எல்லா வரைபடங்களையும் எவரும் எடுக்கலாம் என்று வெளியிட்டுவிட்டார். 2009இல் கிரம்பின் ஆக்கவுரிமையும் காலாவதியானது. இவை இரண்டும் ஒரே நேரத்தில் அமைந்ததால் விலை மளமளவென்று சரிந்தது. நானாவின் கல்லூரிக்கு அந்த இயந்திரம் வந்ததும் இதனால்தான். உரிமை கோருவதைப் பிழை என்று நான் சொல்லவில்லை. உழைத்தவருக்குக் கூலி வேண்டும். ஆனாலும் வேலி விழுந்த பிறகு நடந்தவற்றைப் பார்க்கும்போது மனம் போயரின் பக்கமே சாய்கின்றது.

அப்படி நடந்தவற்றில் ஒன்றை மட்டும் சொல்கின்றேன். 2011இல் தென்னாபிரிக்காவின் ஜொஹன்னஸ்பேர்க்கில் ரிச்சர்ட் வான் ஏஸ் என்ற தச்சர் மர வாளில் கை விரல்களை இழந்தார். செயற்கை விரல்களின் விலை அவருக்கு எட்டவில்லை. இணையத்தில் தேடியபோது, அமெரிக்காவின் வொஷிங்டன் மாநிலத்தில் ஐவன் ஓவன் என்பவர் வேடிக்கைக்காகச் செய்த பென்னம்பெரிய இயந்திரக் கை ஒன்றின் வீடியோ கண்ணில் பட்டது. இருவரும் இணையத்தினூடாக வேலை செய்தார்கள். 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அவுஸ்திரேலியாவின் அடிலெய்டில் திமிங்கில எலும்பாலும் குடல்நாராலும் ஒருவர் செய்திருந்த கையும் அவர்களுக்கு வழிகாட்டியது. பின்னர், விரல்களின்றிப் பிறந்த 5 வயதுச் சிறுவன் ஒருவனுக்காக 2013இல் ஒரு முழுக் கையை அச்சிட்டார்கள். அதில் மின்கலமோ மோட்டாரோ இல்லை. மணிக்கட்டை மடக்கினால் நூல்கள் இழுபட்டு விரல்கள் மூடும், நிமிர்த்தினால் திறக்கும்.

அவர்கள் வரைபடத்தை விற்கவில்லை, எவரும் எடுக்கலாம் என்று இணையத்தில் வைத்தார்கள். அதே வருடம் ஜொன் ஷல் என்ற ஆய்வாளர் அச்சுப்பொறி வைத்திருப்போரையும் கை தேவைப்படுவோரையும் இணைக்கத் தொடங்கியதே இன்றைய இ-நேபிள் தன்னார்வ அமைப்பு. இதில் ஒரு நுட்பத்தைக் கவனியுங்கள். பிள்ளை வளர வளரச் செயற்கைக் கை சிறுத்துப்போகும். விலையுயர்ந்த கை என்றால் பெற்றோர் என்ன செய்வார்கள்? இங்கே கோப்பைத் திறந்து 100 என்பதை 110 சதவீதம் ஆக்கி மறுபடி அச்சிட்டால் போதும். பெருங் கனம் தூக்கவோ நுணுக்கமான வேலை செய்யவோ இந்தக் கைகளால் முடியாது. மருத்துவர் பொருத்தும் கைக்கு இவை ஈடும் அல்ல. போத்தலைப் பிடிக்கலாம், பந்தைப் பிடிக்கலாம்.

வேறு பயன்கள் பலவுண்டு. காது கேட்கும் கருவிகளின் ஓடுகள் இன்று பெரும்பாலும் இப்படித்தான் ஆளுக்கு ஆள் அளவெடுத்து அச்சிடப்படுகின்றன. 2014 டிசம்பரில் சர்வதேச விண்வெளி நிலையத்துக்கு ஒரு சாவிக்கருவியின் வடிவத்தைப் பூமியிலிருந்து கோப்பாக அனுப்ப, அங்கேயே அச்சிட்டார்கள். மறுபக்கமும் உண்டு. 2013இல் ஒருவர் துப்பாக்கியின் வரைபடத்தையே வெளியிட்டு அரசாங்கங்களைத் திணறவைத்தார். பி.எல்.ஏ. சோளம், கரும்பு போன்றவற்றிலிருந்து எடுக்கப்படுவதால் "மண்ணில் உக்கும்" என்று விளம்பரம் செய்கின்றனர். உண்மையில் ஏறக்குறைய 60 பாகை வெப்பமுள்ள தொழிற்சாலைக் குவியலில்தான் அது ஒழுங்காக உக்கும், நம் கொல்லைப்புறத்தில் வருடக்கணக்கில் கிடக்கும். என்னுடைய முதல் இரண்டு கைப்பிடிகளும் மேசை லாச்சியில் கிடக்கின்றன, எறிய மனமில்லை.

மூன்றாவது கைப்பிடி பெருநாளுக்கு ஒன்பது நாள் இருக்கும்போது பூட்டப்பட்டது. கிழிந்த அபாயாவின் கையில் உம்மா ஒரு பூவேலை போட்டு மறைத்துக் கொடுத்தார். உடுப்பின் சொந்தக்காரிக்கு மற்றக் கைக்கும் அதே பூ வேண்டுமாம். கைப்பிடி இதை எழுதும்வரை முறியவில்லை. வெள்ளை மெஷினில் செம்மஞ்சள் துண்டு துருத்திக்கொண்டு நிற்பதுதான் உம்மாவுக்குப் பிடிக்கவில்லை. "வெள்ளையில ஒன்டு அடிக்க ஏலாதா மகள்?" என்று போன கிழமையும் கேட்டார். கோப்பு என்னிடம் இருக்கின்றது. நானாவுக்குச் சோதனை முடியட்டும்.